ஒரே வாயில், இரு மருந்துகள்



ஒரே கூரையின்கீழ் வாழும் இரு சகோதரர்களை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். மூத்தவருக்கு இரத்தக் கொதிப்பும், அவ்வப்போது நெஞ்சுவலியும் உண்டு. அவருக்கு மருத்துவர் ப்ரொப்ரனலால் என்னும் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். இளையவருக்கோ சிறுவயது முதலே இழுப்பு நோய். சால்பூட்டமால் என்னும் உறிஞ்சு மருந்து அவருடைய சட்டைப்பையை விட்டு நீங்குவதே இல்லை.

மார்கழிப் பனியில் ஓர் இரவு இளையவருக்கு மூச்சு முட்டுகின்றது. ஒருமுறைக்குப் பலமுறை மருந்தை உறிஞ்சுகிறார். மூச்சு சற்றே சீராகின்றது. ஆனால் நெஞ்சு படபடக்கின்றது, கைகள் நடுங்குகின்றன. அதைக் கண்ட அண்ணி பதறுகிறார். “தம்பி, உங்கள் அண்ணனுக்கு நெஞ்சு படபடத்தபோது டாக்டர் இந்த மாத்திரையைத்தான் கொடுத்தார். ஒன்றைப் போட்டுக்கொண்டு படுங்கள், சரியாகிவிடும்” என்று மாத்திரையையும் ஒரு குவளை வெந்நீரையும் நீட்டுகிறார்.

இது எந்தவொரு குடும்பத்தின் வரலாறும் அன்று, எடுத்துக்காட்டுக்காகச் சொல்வது. ஆயினும், நம் இல்லங்களில் இப்படி நடக்கவே நடக்காது என்று நம்மில் யார் துணிந்து சொல்ல முடியும்? அண்ணி சொன்னது அன்பினால் சொன்ன சொல். ஆனால் அந்த ஒரு மாத்திரை இளையவரின் மூச்சுக்குழாயை இறுக்கி, அவர் நம்பியிருக்கும் உறிஞ்சு மருந்தையும் பயனற்றதாக்கி, அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டுசெல்லக்கூடும். அண்ணனைக் காக்கும் மருந்து தம்பிக்கு நஞ்சாவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், நம் உடலின் உயிரணுக்களைச் சற்றே நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஏற்பி என்னும் எண்ணம் பிறந்த கதை

மருந்து உடலில் எங்கே சென்று வேலை செய்கின்றது? நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜான் லாங்லி என்பவர் இரண்டு பொருள்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். ஒன்று புகையிலையில் உள்ள நிக்கோட்டின். மற்றொன்று தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பின் நுனியில் தடவும் கியுராரே என்னும் நஞ்சு. நிக்கோட்டின் பட்டதும் கோழியின் தசை சுருங்கிற்று. கியுராரேயை இட்டபின் நிக்கோட்டினின் வேகம் அடங்கிற்று. எனவே, தசையிலேயே ஏதோவொரு பொருள் இருக்க வேண்டும், அதனைப் பற்றிக்கொள்ளவே இவ்விரண்டும் போட்டியிடுகின்றன என்று 1905-ஆம் ஆண்டில் அவர் முடிவு செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் அறிஞரும், ஒரு பொருள் உடலில் ஓரிடத்தில் சென்று பற்றினாலன்றி அது வேலை செய்யாது என்று கற்பித்தார். அவர் வழங்கிய பெயரே ‘ரிசெப்டர்’ என்பது. தமிழில் அதனை ஏற்பி என்கிறோம்.

அதன்பின் பல ஆண்டுகள் ஏற்பி என்பது வெறும் கருத்தாகவே இருந்தது. கண்ணால் கண்டவர் எவரும் இலர். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரேமண்ட் அல்குவிஸ்ட் என்பவர், அட்ரினலின் முதலிய ஆறு பொருள்கள் வெவ்வேறு உறுப்புகளில் எவ்வெவ்வாறு செயற்படுகின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தார். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் ஊற்றும் நீரே அட்ரினலின். நாய் துரத்தும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்வதும், மூச்சுக்குழாய் விரிவதும், கை நடுங்குவதும் அதனால்தான். இந்த ஒரே நீருக்கு உடலில் இருவகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று அல்குவிஸ்ட் கூறி, அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா எனக் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார். அவர் சொன்னதை அக்காலத்தில் பலரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்திய ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் அனுப்ப அந்நாளைய மருத்துவர்கள் வழி தேடினர். பிளாக் வேறு வழியில் எண்ணினார். இதயத்தின் வேலைச்சுமையைக் குறைத்துவிட்டால், கிடைக்கும் இரத்தமே போதுமானதாகிவிடும் அல்லவா? இதயத்திலுள்ள பீட்டா ஏற்பியில் ஒரு பொருளை உட்கார வைத்து, அட்ரினலினுக்கு அங்கே இடமில்லாமல் செய்தால் இது கைகூடும். அந்த எண்ணத்தின் பயனாக 1960-களின் நடுப்பகுதியில் ப்ரொப்ரனலால் மருத்துவர் கைக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டில் பிளாக்குக்கு நோபெல் பரிசும் வந்தது. மூத்த சகோதரர் உட்கொள்ளும் மாத்திரையின் வரலாறு இதுவே.

1967-இல் பீட்டா ஏற்பிகளும் இருவகை எனக் கண்டனர். இதயத்தில் மிகுதியாக இருப்பது பீட்டா-1. மூச்சுக்குழாய்த் தசைகளில் இருப்பது பீட்டா-2. மூச்சுக்குழாயை விரித்து, இதயத்தைக் கூடியவரை தொந்தரவு செய்யாத மருந்து வேண்டும் என்று தேடியதன் விளைவே 1969-இல் வெளிவந்த சால்பூட்டமால். இளைய சகோதரரின் சட்டைப்பையில் இருப்பது இதுதான்.

ஏழு முறை தைத்த நூல்

இனி, ஏற்பியின் உருவத்தைக் காண்போம். ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றிக் கொழுப்புப் பொருளாலான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கின்றது. வெளியே இரத்தத்தில் வரும் அட்ரினலின் செய்தியைச் சொல்ல அச்சவ்வைக் கடந்து உள்ளே போக வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்குள் நுழைவதில்லை; வாயிலில் நின்று கொடுத்துவிட்டுப் போகிறார். அதனை வாங்கி உள்ளே சேர்க்க ஒருவர் வேண்டுமே! அப்பணியைச் செய்வதே ஏற்பி.

பீட்டா-2 ஏற்பி ஒரு புரதம். 413 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த ஒரே சரம் அது. ஊசியில் கோத்த நூல் துணியின் ஒருபுறமிருந்து மறுபுறத்துக்கு மாறி மாறிச் செல்வதுபோல், இந்தச் சரம் சவ்வை ஏழு முறை ஊடுருவுகின்றது. ஊடுருவும் ஒவ்வொரு பகுதியும் திருகுச் சுருளாக அமைந்திருக்கின்றது. ஏழு சுருள்களும் நெருங்கி நிற்க, அவற்றின் நடுவே வெளிப்புறம் நோக்கிய ஒரு குழி இருக்கின்றது. மருந்து வந்து அமரும் இடம் அதுவே.

இதனைக் கண்டறிந்தவர்களுள் தலையாயவர்கள் அமெரிக்காவின் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் என்னும் இதய மருத்துவரும், அவரிடம் பயின்ற பிரையன் கோபில்காவும். 1986-ஆம் ஆண்டில் அவர்கள் இவ்வேற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, நம் கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்சின் என்னும் புரதத்தின் சாயல் அதில் தெரிந்தது. ஒளிக்கும் அட்ரினலினுக்கும் என்ன உறவு? இரண்டையும் ஏற்கும் புரதங்கள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பது அன்றுதான் விளங்கிற்று. ஒளி, மணம், சுவை எனப் பலவற்றின் செய்திகளையும் வாங்கும் இக்குலத்தில் மனித உடலில் மட்டும் ஏறத்தாழ 800 உறுப்பினர் உண்டு. இன்று வழக்கிலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இக்குலத்து ஏற்பிகளின் வழியாகவே செயற்படுகின்றது.

துலாவின் மேல் நடப்பவர்

பூட்டும் சாவியும்போல் என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். முதற்பாடமாக அது நல்ல உவமையே. ஆனால் சாவியை நுழைப்பதால் பூட்டின் உடல் வளைவதில்லை. ஏற்பியின் உடலோ வளைகின்றது. ஏற்பி ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. எப்பொழுதும் சிறிது அசைந்தபடி, மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் இடையே அது ஊசலாடிக்கொண்டிருக்கின்றது. எந்த மருந்தும் இல்லாதபோதும் சில ஏற்பிகள் சில கணங்கள் தாமாகவே திறந்து மூடுகின்றன. இந்த ஊசலாட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பதே மருந்தின் வேலை.

அட்ரினலின் குழிக்குள் வந்ததும் அதன் ஒரு முனை மூன்றாம் சுருளிலுள்ள ஓர் அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கின்றது. மறு முனையில் கொக்கிகள் போன்ற இரண்டு சிறு உறுப்புகள் உண்டு. அவை ஐந்தாம் சுருளைப் பிடித்துச் சற்றே உள்நோக்கி இழுக்கின்றன. இழுக்கும் தொலைவு ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம். இத்துணைச் சிறிய அசைவினால் என்ன ஆகும் என்று எண்ணுகிறீர்களா? சவ்வின் உட்புறத்தில், ஆறாம் சுருளின் அடிமுனை 14 ஆங்ஸ்ட்ராம் தொலைவு வெளிநோக்கி விலகுகின்றது!

கிணற்று ஏற்றத்தை அறிந்தவர்களுக்கு இது பெரும் வியப்பாக இராது. துலாமரத்தின் மேல் நிற்பவர் நடுத்தூணுக்கு அருகே சில அடிகள் முன்னும் பின்னும் நடப்பார். மரத்தின் நெடிய முனையோ தாழ்ந்து எழுந்து கிணற்று நீரை மேலே கொண்டுவரும். சிறு அசைவு பேரசைவாகும் இவ்வித்தையை ஏற்பியும் செய்கின்றது.

ஆறாம் சுருள் விலகியதும் ஏற்பியின் அடிப்புறத்தில் ஒரு பள்ளம் திறக்கின்றது. உள்ளே இருக்கும் ஜி-புரதம் தன் நுனியை அப்பள்ளத்தில் நுழைக்கின்றது. உடனே அது தான் அதுவரை பிடித்திருந்த பழைய பொருளை உதிர்த்துவிட்டு, ஆற்றல் மிகுந்த புதியதொன்றை ஏற்றுக்கொண்டு, ஏற்பியை விட்டுப் பிரிகின்றது. பிரிந்து சென்ற பகுதி ஒரு நொதியைத் தட்டியெழுப்ப, அந்நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் செய்திப்பொருளை உயிரணுவுக்குள் பெருக்குகின்றது. வாயிலில் வந்த ஒரு செய்தி, உள்ளே ஊர் முழுதும் பறையறைந்தது போலப் பரவிவிடுகின்றது. அச்செய்தியைக் கேட்டு மூச்சுக்குழாயின் தசை தளர்கின்றது. இதயத்தின் தசையோ விரைந்து துடிக்கின்றது. செய்தி ஒன்றே, கேட்கும் உறுப்புக்கேற்ப வேலை மாறுகின்றது.

இவ்வளவையும் நுணுக்கமாகக் கண்டது அண்மைக் காலத்தில்தான். ஓயாமல் அசையும் ஒன்றைத் தெளிவாகப் படமெடுப்பது எளிதா? பல்லாண்டு முயற்சிக்குப்பின், 2007-ஆம் ஆண்டில் கோபில்காவும் அவருடன் உழைத்தவர்களும், தடுக்கும் மருந்து ஒன்றை ஏற்பியில் அமர்த்தி, அதன் மூடிய நிலையைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களால் கண்டனர். 2011-இல், ஜி-புரதத்தோடு பிணைந்து திறந்து நிற்கும் நிலையையும் கண்டனர். மறு ஆண்டே, 2012-இல், லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

திறப்பதும் அடைப்பதும்

இப்பொழுது நம் சகோதரர்களிடம் திரும்புவோம். சால்பூட்டமாலும் ப்ரொப்ரனலாலும் பீட்டா-2 ஏற்பியின் அதே குழியில்தான் அமர்கின்றன. இரண்டும் மூன்றாம் சுருளை ஒரே விதமாகப் பற்றுகின்றன. வேறுபாடு மறு முனையில் இருக்கின்றது. சால்பூட்டமாலுக்கு அட்ரினலினைப் போன்றே ஐந்தாம் சுருளைப் பற்றும் உறுப்புகள் உண்டு. அது ஏற்பியைத் திறந்த நிலைக்குச் சாய்க்கின்றது. ப்ரொப்ரனலாலின் மறு முனையில் அவ்வுறுப்புகள் இல்லை. பருத்த இரட்டை வளையம் ஒன்றே இருக்கின்றது. அது குழியை அடைத்துக்கொண்டு உட்காருமே தவிர, சுருளை இழுக்காது. தானாகத் திறக்கும் சில ஏற்பிகளையும் அது மூடிய நிலையிலேயே இருத்திவைக்க முயல்கின்றது.

மேலும், ப்ரொப்ரனலாலுக்குப் பீட்டா-1, பீட்டா-2 என்னும் வேற்றுமை இல்லை. அண்ணனின் இதயத்தை அமைதிப்படுத்தும் அதே வேளையில், அது மூச்சுக்குழாயின் ஏற்பிகளையும் அடைத்துவிடுகின்றது. அண்ணனின் மூச்சுக்குழாய் நலமாக இருப்பதால் அவருக்கு அது தெரிவதில்லை. தம்பிக்கோ, சுருங்கத் துடிக்கும் மூச்சுக்குழாயை விரித்துவைக்கும் தயவே அந்த ஏற்பிகளிடம்தான் இருக்கின்றது. அவை அடைபட்டதும் குழாய் இறுகுகின்றது. பதறிப்போய் உறிஞ்சு மருந்தை எடுத்தால், அது சென்று அமர வேண்டிய இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார்!

அப்படியானால் தம்பிக்குப் படபடப்பு வந்தது ஏன்? அளவுக்கு மிஞ்சி உறிஞ்சிய மருந்து இரத்தத்தில் கலந்து, கைத்தசைகளிலும் இதயத்திலும் உள்ள ஏற்பிகளையும் தொட்டுவிட்டது. நடுக்கமும் படபடப்பும் அதன் விளைவே. அதற்கு மருந்து அண்ணனின் மாத்திரை அன்று. இத்தனைமுறை உறிஞ்சியும் மூச்சு சீராகவில்லை என்றால், அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே தக்க வழி.

வாயில் சலித்துப்போகும்போது

ஏற்பியின் கதையில் இன்னுமொரு பகுதி உண்டு. ஓயாமல் தட்டப்படும் கதவை வீட்டார் என்ன செய்வர்? தாழிட்டுவிடுவர். உயிரணுவும் அவ்வாறே செய்கின்றது. திறந்தே நிற்கும் ஏற்பியின் வாலில் பாஸ்பேட் அடையாளங்களை ஒரு நொதி பொறிக்கின்றது. அவற்றைக் கண்டு அரெஸ்டின் என்னும் புரதம் வந்து, ஜி-புரதம் நுழையும் பள்ளத்தை அடைத்துக்கொள்கின்றது. பின்னர் ஏற்பியே சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றது. தட்டல் நின்றால் அது மீண்டும் மேலே வரும். நாள்கணக்கில் தட்டிக்கொண்டே இருந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும்.

ஆகவேதான், இழுப்பு நோயாளர் உறிஞ்சு மருந்தை நாளும் பொழுதும் பயன்படுத்தினால் அதன் பயன் மெல்ல மெல்லக் குன்றுகின்றது. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. சால்பூட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர, மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள அழற்சியைத் தணிக்காது. 1960-களில் இங்கிலாந்து உள்ளிட்ட சில நாடுகளில் இழுப்பு நோயால் இறந்தோர் தொகை திடீரெனப் பெருகியபோது, வீரியம் மிகுந்த ஐசோப்ரெனலின் உறிஞ்சு மருந்தை அளவின்றிப் பயன்படுத்தியது ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. ‘ஜினா’ என்னும் பன்னாட்டு ஆஸ்துமா அமைப்பு 2019-ஆம் ஆண்டில், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் போன்றவற்றை மட்டுமே தனித்துக் கொடுக்கும் முறையைக் கைவிடுமாறு கூறிற்று.

அழற்சியைத் தணிப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து. அதன் ஏற்பி சவ்வின் மேல் இல்லை. உயிரணுவின் உள்ளே இருக்கின்றது. மருந்தைப் பற்றிய அவ்வேற்பி உயிரணுவின் கருவுக்குள் சென்று மரபணுக்களுக்கே ஆணையிடுகின்றது. அதனால் அதன் பயன் உடனே தெரியாது, நாள்கள் ஆகும். “இதை உறிஞ்சினால் ஒன்றும் தெரியவில்லையே” என்று பலரும் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குவது பெரும் பிழை. பீட்டா-2 ஏற்பிகளைப் புதிதாகச் செய்யத் தூண்டுவதும் அந்த ஸ்டீராய்டுதான்.

அண்ணனின் உடலிலோ இதற்கு நேர்மாறானது நிகழ்கின்றது. ப்ரொப்ரனலால் நெடுநாள் வாயிலை அடைத்திருக்கும்போது, செய்தி வரவில்லையே என்று உயிரணு ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கின்றது. ஒருநாள் அவர், “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று மாத்திரையைச் சட்டென நிறுத்திவிட்டால், பெருகி நிற்கும் அத்தனை ஏற்பிகள்மீதும் அட்ரினலின் பாய்கின்றது. நெஞ்சுவலி முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம், மாரடைப்பே நேரலாம். ஆதலால் இம்மாத்திரையை நிறுத்துவதாயின், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

இல்லத்தார்க்குச் சில சொற்கள்

ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை, நோய்க்குறி ஒன்றுபோல் தோன்றினாலும், மற்றொருவருக்குக் கொடுக்காதீர்கள். படபடப்பு என்பது ஒரே சொல். அதன் காரணங்கள் பல.

இழுப்பு நோய் உள்ளவர்கள் எந்த மருத்துவரிடம் சென்றாலும், கண் மருத்துவராகவே இருந்தாலும், அதனை முதலில் சொல்லிவிட வேண்டும். கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமலால் என்னும் சொட்டு மருந்தும் ப்ரொப்ரனலாலின் இனத்தைச் சேர்ந்ததே. கண்ணில் இட்ட சில துளிகள் இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கிய நிகழ்ச்சிகள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. அட்டினலால், மெட்டப்ரலால் போன்றவை பெரும்பாலும் பீட்டா-1 ஏற்பியையே நாடுபவை. ஆயினும் அளவு கூடினால் அவையும் எல்லை தாண்டும். எனவே அவற்றையும் தாமாக உட்கொள்ளலாகாது.

நீரிழிவு நோயுள்ளவர்கள் இவ்வின மாத்திரைகளை உட்கொண்டால் மற்றுமோர் எச்சரிக்கை தேவை. சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும்போது உடல் அட்ரினலினைப் பொழிந்து, படபடப்பாலும் நடுக்கத்தாலும் நம்மை எச்சரிக்கின்றது. வாயில் அடைபட்டிருந்தால் அவ்வெச்சரிக்கை மறைந்துபோகும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை, அதனைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தவறுதலாகத் தம்பி அந்த மாத்திரையை விழுங்கியே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வைத்துக் கைவைத்தியம் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பீட்டா வாயில் அடைபட்டிருப்பதை அறிந்த மருத்துவர், இப்ராட்ரோப்பியம் போன்று வேறொரு ஏற்பியின் வழியாக மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை நாடுவார். கொடுத்தவர் வெட்கத்தாலோ அச்சத்தாலோ வாய்திறவாதிருந்தால், அந்த மாற்று வழி மருத்துவருக்குத் தோன்றுவது எப்படி?

அண்ணியின் அன்பில் குறை ஏதும் இல்லை. அதே அன்போடு அவர் அந்த மாத்திரை அட்டையில் அண்ணனின் பெயரை எழுதித் தனியே வைக்கலாம். தம்பியின் மருந்துகளை வேறொரு பெட்டியில் வைக்கலாம். மூச்சு முட்டும் இரவில் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதைப் பகலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம். இன்றிரவு உணவு முடிந்ததும், உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.